கெட்டியான கூழும் எடை ஏறாத பிள்ளையும்

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதை நான் கைவிட்டுப் பல வருடம் ஆகிறது. "மென்பொருட்கள்" என்று ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு, தங்கள் பையனுக்கும் ஒரு வேலை பார்த்துத் தரச்சொல்கிறார்கள். தயிர், பசை, களி, பற்பசை மாதிரி கல்லாகவும் இல்லாமல் தண்ணீராகவும் இல்லாமல் நடுவில் நிற்கிற பொருட்களைப் பற்றிய ஆராய்ச்சி என்று சொன்னால், "அதுல ஆராய இன்னா இருக்குது?" என்கிறார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் எரிச்சல் தாங்காமல், "கைக்குழந்தைக்கு ஊட்டும் கேப்பைக் கூழ் எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்று மெஷினில் அளக்கிறேன்" என்று நேராகவே சொல்லிவிட்டேன். பக்கத்து இலையிலிருந்த அம்மாள் ரசத்தைக் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்கா இம்மாம் படிப்பு? எங்க வூட்டுக்கு வா கண்ணு, நாங்க தெனமும் ஆராய்ச்சிதான் பண்ணிக்கினு இருக்கோம்." பந்தியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

இப்படிக் கூழை ஆராய்ச்சி செய்கிறவளின் மகள் எட்டாம் மாதத்தில் எடை ஏறாமல் நின்றுவிட்டாள். கூழ் குடித்துக்கொண்டேதான் நின்றாள். இதைவிட ஒரு பெண்ணுக்கு மானக்கேடு வேண்டுமா?

நான் வாழ்க்கைப்பட்டது காணைக்குப் பக்கத்தில், நெல்லும் கரும்பும் வைக்கும் ஒரு வீட்டில். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அண்ணன் நிலத்தைப் பார்க்கிறார். தம்பியான என் கணவர் டிராக்டர் ஓட்டுகிறார். பேச்சு அதிகம், பொறுமை குறைவு. அண்ணன் மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயது. என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்து நான் திண்டிவனத்தில் கல்லூரி வேலைக்குத் திரும்பியபோது, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அக்காதான் முன்வந்தாள். யாரும் கேட்கவில்லை. "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று அவளாகச் சொன்னாள்.

போவதும் வருவதும் ஒரு பேஜாரு. காணையிலிருந்து விழுப்புரத்துக்கு டவுன் பஸ். அங்கிருந்து சென்னை வண்டியில் ஏறப்போனால், "திண்டிவனம் உள்ள போவாது, பைபாஸ்தான், எறங்கு எறங்கு" என்று கண்டக்டர் ஈயை விரட்டுவதுபோலக் கையை ஆட்டுவார். உள்ளே போகிற வண்டி வரும்போது உட்கார இடம் இருக்காது. சாயந்திரம் திரும்புவதற்குள் மாரில் பால் கட்டிக்கொண்டு வலி உயிரை எடுக்கும். கல்லூரியில் பால் பீய்ச்ச ஓர் அறை கிடையாது. பழைய கண்ணாடிப் புட்டிகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில் கதவை உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டு நிற்பேன். வெளியே யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். தாய் சேய் நலத்தைப் பற்றி அந்தக் கட்டடத்திலேயே ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள், தேநீர் பிஸ்கட்டோடு.

நான் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பயப்பட வேண்டாம். மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால், மாவிலிருக்கும் ஒவ்வொரு துகளும் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். அதனால்தான் கூழ் கெட்டியாகிறது. கெட்டிக் கூழைக் கைக்குழந்தையால் விழுங்க முடியாது. விழுங்கட்டும் என்று தண்ணீரை ஊற்றினால் வயிறு நிறையும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. குழந்தையின் வயிறு எவ்வளவு இருக்கும்? அதன் கைப்பிடி அளவு. அந்த இடத்தைத் தண்ணீரே பிடித்துக்கொண்டால் பிள்ளை எப்படித் தேறும்? ஆனால் கேப்பையை முளைகட்டி, வெயிலில் காயவைத்து அரைத்தால், முளைக்கும்போது தானியத்துக்குள் உண்டான ஒரு நொதி, காய்ச்சும்போது அந்த உப்பலை வெட்டி இளக்கிவிடும். இரண்டு பங்கு மாவு போட்டாலும் கூழ் கரண்டியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு கரண்டிக் கூழை இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து, மேல் தட்டைச் சுற்றவிட்டு, அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று அளக்கும் கருவி எங்கள் கல்லூரியில் இருக்கிறது. வாரக்கணக்காக அளந்தேன். அவ்வளவு அழகாக இளகியது.

சரி, ஊருக்குச் சொல்வதை முதலில் என் பிள்ளைக்குச் செய்வோம் என்று, நானே கேப்பையை ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி முளைக்கவைத்து, மாடியில் உலர்த்தினேன். அதில் ஒரு பிடியைக் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போய் மிக்சியில் அரைத்துக்கொண்டேன். மீதியை அரைத்துவரும் வேலை கணவருடையது. "அப்படியே அரைச்சிக்கினு வாங்க, வேற எதையும் சேக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். மாவு வந்தது. டப்பாவில் கொட்டி, அக்காவிடம் அளவு சொன்னேன்: இந்தக் கரண்டியால் இத்தனை மாவு, இந்த டம்ளரால் இவ்வளவு தண்ணீர். அக்கா தலையாட்டினாள். நானும் நிம்மதியாக பஸ் ஏறினேன்.

மாசா மாசம் பால்வாடியில் பிள்ளைகளை எடை போடுவார்கள். தராசிலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் என் மகளைப் போட்டதும் அவள் ஊரைக் கூட்டி அழுதாள். டீச்சர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் முள்ளைப் பார்த்தார். "போன மாசம் இருந்தது அப்பிடியேதாம்மா இருக்குது." அடுத்த மாதமும் அதே கதை. விழுப்புரத்தில் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, சாப்பாடு போதவில்லை என்றார். "அடுத்த தடவையும் ஏறலைன்னா அட்மிட் பண்ணிடலாம்" என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் மகளை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டேன். மகளின் தொடையில் சதை இல்லாமல் தோல் சுருங்கியிருந்ததைக் குளிப்பாட்டும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது ஆலோசனை. கண்ணு பட்டிருக்கிறது என்று ஒருத்தி மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டாள். சீர் தட்டியிருக்கிறது, தோஷந்தான், மந்திரிக்கணும் என்றாள் இன்னொருத்தி. நான் வெயிலில் பஸ்ஸில் அலைவதால் தாய்ப்பால் சூடாகிவிட்டது என்று ஒரு பெரியவர் கண்டுபிடித்தார். அவருக்கும் தாய்ப்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன். டின் பவுடர் கொடு, கேப்பையை நிறுத்து, கேப்பையைக் கூட்டு, தாயத்து கட்டு, வேலையை விடு. இந்த வேலையை விடு என்பது மட்டும் எல்லார் வாயிலும் வந்தது. கொல்லையில் காக்காய் விரட்ட நட்டுவைத்த பொம்மைகூட எனக்கு அறிவுரை சொல்லிவிடுமோ என்று பயமாக இருந்தது.

என் சந்தேகமெல்லாம் கூழின் மேல் இருந்தது. ஒரு நாள் சீக்கிரம் திரும்பி வந்து பார்த்தேன். கிண்ணத்தில் கூழ் மோர் மாதிரி இருந்தது.

"அக்கா, நான் சொன்ன அளவா போட்டீங்க?"

"நீ சொன்ன அளவு போட்டா கொழக்கட்ட புடிக்கலாம். அத எப்பிடி புள்ள வாயில ஊத்தறது? தொண்டையில அடச்சிக்கினா நீயா வந்து எடுப்பே?"

"அப்படி ஆகாதுக்கா. நான் அளந்து பாத்திருக்கேன்."

"அங்க அளந்தே. இங்க வந்து கிண்டிப் பாரு."

எனக்கும் கோபம், அவளுக்கும் கோபம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்வோம் என்று நான் நிறுத்திக்கொண்டேன். ஆனால் இதைக் காதில் வாங்கிய என் கணவர் நிறுத்தவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் வாசலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் நிற்கும்போது, அண்ணனிடம் வாய்க்கு வந்தபடி பேசினார். "அண்ணி தண்ணிய ஊத்தி ஊத்திப் புள்ளைய பட்டினி போட்டுக்கினு இருக்காங்க. அவங்க புள்ளைங்களா இருந்தா இப்பிடிப் பண்ணுவாங்களா?" அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் கணவரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். "என்ன பேச்சு இது? யார் காதுல விழுது தெரியுதா?" "விழட்டும்" என்றார்.

விழுந்திருந்தது. அக்கா சமையலறையில் என் மகளின் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். மறுநாளிலிருந்து பிள்ளைக்கு வீட்டுக்குள் ஊட்டுவதை அவள் விட்டுவிட்டாள். தெரு வாசற்படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, கிண்ணத்தைச் சாய்த்து எவ்வளவு இருக்கிறது என்று காட்டிவிட்டு ஊட்டினாள். ஊட்டி முடித்ததும், "இந்தாப்பா, நீங்களும் பாத்துக்குங்க, காலி கிண்ணம்" என்பாள். அதைப் பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா பக்கத்தில் நிற்க, நான் சொன்ன அளவுப்படி நானே மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினேன். கொஞ்ச நேரத்தில் கரண்டி கனத்தது. இன்னும் கொஞ்சம் கிண்டினேன். கரண்டி நடுவில் நட்டுவைத்த மாதிரி நின்றது. கையை எடுத்தேன், அப்போதும் நின்றது.

"ஐயோ சாமி" என்றேன்.

"பாத்துக்கோ" என்றாள் அக்கா. "ஊரக் கூட்டி சொன்னாரில்ல ஒன் வூட்டுக்காரரு, இத அப்பிடியே எடுத்தும்போயி அவருக்கு ஊட்டு. எப்பிடி முழுங்கறாருன்னு நானும் பாக்கறேன்."

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. பிள்ளை மூச்சுத் திணறாமல் இருக்கவேண்டுமென்றால் அவள் தண்ணீர் ஊற்றாமல் வேறு என்ன செய்திருக்க முடியும்? அவள் இடத்தில் நான் இருந்தாலும் ஊற்றியிருப்பேன். அப்படியென்றால் நான் திண்டிவனத்தில் அளந்ததெல்லாம் என்ன? வாரக்கணக்காக நான் அளந்தது பொய்யா? டப்பா மாவில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு மறுநாள் கல்லூரிக்குப் போனேன்.

கல்லூரி மாவைக் காய்ச்சி மெஷினில் வைத்தேன், வழக்கம்போல வழுக்கியது. வீட்டு மாவைக் காய்ச்சி வைத்தேன். மெஷின் முக்கியது. முளைகட்டாத கேப்பைகூட இப்படித்தான் இருக்கும். ஒரே கேப்பை, ஒரே துணி, ஒரே மாடி வெயில். என் கையால் எடுத்த ஒரு பிடி இங்கே வந்தது. மீதி மில்லுக்குப் போனது. மில்லுக்கு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தோழி, "என்னாச்சு, மெஷின் போச்சா?" என்று ஓடிவந்தாள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. எங்க வூட்லதான் ரிப்பேர்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் கணவரிடம் கேட்டேன். "அந்தக் கேப்பையை என்ன செஞ்சீங்க?"

"இன்னா செஞ்சேன்? அரைச்சிக்கினு வந்தேன்."

"அப்படியேவா அரைச்சீங்க?"

"மில்லுக்காரன் கையில எடுத்துப் பாத்துட்டு ஈரமா இருக்குது, கல்லுல அப்பிக்கும், எடுத்தும்போன்னு திருப்பி வுட்டுட்டான். மறுபடியும் மாடியில போட்டு எவன் காயவைக்கறது? எதுத்தாப்புல மல்லாட்டை வறுக்கற கடை இருக்குதில்ல, அங்க குடுத்து மணல்ல போட்டு நல்லா வறுத்து, அப்பறம் அரைச்சேன். ஜல்தியா வேலை முடிஞ்சிது. வாசனையா இல்ல?" அவருக்கு முகத்தில் பெருமை வேறு.

கத்தவேண்டும்போல இருந்தது. கத்தினேன். மகள் தூக்கத்தில் திடுக்கிட்டு அழுதாள், அவளை எடுத்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே தொடர்ந்து கத்தினேன். முளைகட்டியதே அந்த நொதிக்காகத்தான், அது சூட்டில் செத்துப்போகும், கொதிக்கும் மணலில் போட்டால் ஒன்றுகூட மிஞ்சாது, கூழ் கெட்டியானதற்குக் காரணம் அதுதான், அக்கா தண்ணீர் ஊற்றியதற்குக் காரணமும் அதுதான், பிள்ளை இளைத்ததற்குக் காரணமும் அதுதான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில் அவர் கேட்டார்: "ஏன், வறுக்கக்கூடாதுன்னு நீ சொல்லவே இல்லியே?" சொல்லவில்லைதான். கேப்பையைக் கொண்டுபோய் வேர்க்கடலை வறுக்கிற கடையில் வறுப்பார் என்று எந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் நான் படித்திருப்பேன்?

மறுபடியும் ஊறவைத்து, முளைகட்டி, இந்த முறை சலசலவென்று சத்தம் வரும்வரை வெயிலில் காயவிட்டு, எங்கள் மிக்சியிலேயே அரைத்தேன். அரைத்த அன்று வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். வேண்டுமென்றே பழைய மாவில்தான் கூழ் காய்ச்சினேன். கரண்டி நிற்கிற பதம் வந்தது. அடுப்பை அணைத்து, கொதி அடங்கும்வரை காத்திருந்து, புது மாவில் ஒரு ஸ்பூன் எடுத்துப் போட்டுக் கிண்டினேன். முதலில் ஒன்றுமில்லை. கணவர் கொட்டாவி விட்டார். அப்புறம் ஓரத்தில் பளபளவென்று ஈரம் தெரிந்தது. கரண்டி மெதுவாகச் சாய்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. களியாக நின்றது எங்கள் கண் முன்னால் பாயசம்போல ஓடியது. மறுபடியும் அடுப்பேற்றி ஒரு கொதி வரவைத்து இறக்கினேன்.

அக்கா என் கையிலிருந்து கரண்டியை வாங்கி, தூக்கித் தூக்கி ஊற்றிப் பார்த்தாள். "தண்ணியே ஊத்தல" என்றாள். அவளுக்குள்ளேயே சொல்லிக்கொள்வதுபோல மறுபடியும், "தண்ணியே ஊத்தல இவ" என்றாள். ஆறவைத்து ஊட்டினாள். மகள் ஒவ்வொரு வாய்க்கும் முன்னாலேயே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். பசி எடுத்த பிள்ளை, பாவம், வேறு எப்படிக் காத்திருக்கும்? அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் வயிறு முட்டத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பசியோடு தூங்கியிருக்கிறாள்.

அடுத்த எடை போடும் நாளன்று நான் கல்லூரிக்கு மட்டம் போட்டேன். அக்காவும் வந்தாள், கணவரும் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தார். பால்வாடி முழுக்கப் பிள்ளைகளும் தாய்மார்களும், காது கொடுக்க முடியாத சத்தம். தொட்டிலில் போட்டதும் மகள் வழக்கம்போலக் காலை உதைத்து அழுதாள். தராசு ஆடிக்கொண்டே இருந்தது, முள் நிற்பேனா என்றது. டீச்சர் தொட்டிலைக் கையால் பிடித்து நிறுத்தி, விட்டு, குனிந்து பார்த்தார்.

"ஏறியிருக்குதும்மா. நல்லாவே ஏறியிருக்குது."

உடனே ஆளுக்கொரு காரணம் வந்தது. மிளகாய் சுற்றிப்போட்டவள் தான் சுற்றியதால் என்றாள். மந்திரிக்கச் சொன்னவள் தன் பேச்சைக் கேட்டு மந்திரித்திருப்பார்கள் என்றாள். நாங்கள் மந்திரிக்கவே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எந்தக் காரணமாவது சொல்லிக்கொள்ளட்டும், பிள்ளை தேறினால் போதும். ஆனால் என் கணவருக்குச் சும்மா இருக்க முடியாதே. நாலு பேர் கேட்கட்டும் என்று, அன்று வாசலில் பேசிய அதே குரலில், "எல்லாம் அண்ணி கைராசி! அண்ணி ஊட்டினா புள்ள தேறாம பூடுமா?" என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி, மூக்கைத் துடைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நீ அன்னிக்கி சொன்னத நான் சாவற வரைக்கும் மறக்கமாட்டேன் தம்பி. மன்னிக்கவும் மாட்டேன். ஆனா நாளைக்கும் இவளுக்கு நான்தான் ஊட்டுவேன்."

பிள்ளை அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள், நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம்.